ஏழாம் கூண்டுக்கு வெறும் தண்ணீர்

எலி அறைக்குள் காலெடுத்து வைத்ததுமே ஏதோ சரியில்லை என்று அவளுக்குப் பட்டது. என்ன என்று பிடிபட அரை நிமிடம் ஆயிற்று. சத்தம் இல்லை. இருபத்து நான்கு கூண்டுகளில் தொண்ணூற்றாறு எலிகள் மரத்தூளைக் கிளறும் சரசரப்பும், புட்டியின் முனையை நாக்கால் தட்டும் டிக் டிக்கும், கம்பியைக் கொறிக்கும் நறநறப்பும் ஒன்றாகக் கலந்து, எங்கோ தள்ளி மழை பெய்வது போன்ற ஓர் ஓசை அந்த அறையில் எப்போதும் இருக்கும். பன்னிரண்டு வருடமாக அவள் காது பழகிய மழை. இன்று அது விட்டிருந்தது. குளிரூட்டியின் ரீங்காரம் மட்டும், யாருமில்லாத வீட்டில் ஓடிக்கொண்டிருக்கும் மின்விசிறி போலத் தனியாகக் கேட்டது.

வெளியே காலை பத்து மணி வெயில். உள்ளே இருட்டு. எலிகள் இரவில் விழித்திருக்கும் பிராணிகள் என்பதால், ஆராய்ச்சி செய்கிறவர்களின் வசதிக்காக அங்கே பகலையும் இரவையும் மாற்றி வைத்திருந்தார்கள். பகல் முழுக்க ஒரே ஒரு சிவப்பு விளக்குதான் எரியும். எலிகளின் கண்ணுக்கு அந்தச் சிவப்பு தெரியாது.

அவள் ஒவ்வொரு கூண்டாகக் குனிந்து பார்த்துக்கொண்டே போனாள். எலிகள் இருந்தன, விழித்திருந்தன. ஆனால் ஒன்றும் மூலைக்கு ஓடவில்லை. முகத்தைக் கிட்டே கொண்டுபோனால் பதறி ஒளியும் பிராணிகள், நின்ற இடத்தில் நின்று அவளைப் பார்த்தன.

ஏழாம் கூண்டில் நான்குக்குப் பதில் ஒன்றுதான் இருந்தது. மற்ற மூன்றும் துண்டுகளாகக் கிடந்தன. சிவப்பு வெளிச்சத்தில் ரத்தம் ரத்தமாகத் தெரியாது. மரத்தூளில் யாரோ தண்ணீரைக் கொட்டிவிட்டது போலத்தான் தெரிந்தது. மிஞ்சிய எலி ஓர் உடல் மேல் ஏறி உட்கார்ந்து, அவசரமே இல்லாமல், அதன் காதைத் தின்றுகொண்டிருந்தது.

எலிகள் ஒன்றையொன்று கொல்வதை அவள் இதற்கு முன்பும் பார்த்திருக்கிறாள். அதுதான் அவள் ஆராய்ச்சியே. பிளாஸ்டிக்கை ரப்பர் போல வளையச் செய்வதற்காக ஒரு தொழிற்சாலை உண்டாக்கிய திரவம். நிறமில்லை, மணமில்லை, ருசியில்லை. சோதனைச்சாலையில் அதற்குப் ‘பதினேழு’ என்று பெயர். அது உடம்புக்குள் போனால் என்னவாகும் என்று பார்ப்பது அவள் வேலை. ஒரு ஜீவன் மிரளும்போது, சிறுநீரகத்தின் தலையில் தொப்பி போல உட்கார்ந்திருக்கும் சுரப்பியிலிருந்து ஒரு ஹார்மோன் ரத்தத்தில் இறங்கும். உடம்பை உஷார்படுத்துவது அதுதான். பதினேழு அது இறங்கும் வழியைக் கொஞ்சம் கொஞ்சமாக மூடிவிட்டது. கூடவே, மூளையில் பயத்துக்கென்று இருக்கும் மூலையில் செல்கள் துருப்பிடித்தன. ஆக்ஸிஜன் இரும்பைத் தின்பது போலத்தான் தின்றது. பயம் போனால் தைரியம் வரும் என்று அவள் நினைத்திருந்தாள். வந்தது வேறு.

ஆனால் அது பதினேழு குடித்த எலிகளுக்கு. அவை பதிமூன்றாம் கூண்டிலிருந்து ஆரம்பம். ஏழாம் கூண்டு ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக வைத்திருந்தது.

“மீசை!” என்று கூப்பிட்டாள்.

விலங்கு அறையைப் பார்த்துக்கொள்ளும் ஆள் கையைத் துடைத்தபடி வந்தார். ஆறடி உயரம், பஞ்சு மனசு. மீசையை எடுத்து ஐந்து வருடமாகியும் பெயர் போகவில்லை. எலிகளை ‘பிள்ளைங்க’ என்றுதான் சொல்வார். சோதனைக்காக ஒன்றைக் கொல்ல வேண்டிய நாளில் மதியம் சாப்பிட மாட்டார்.

“ஏழாம் கூண்டுக்கு என்ன குடுக்கறீங்க?”

“வெறும் தண்ணிதாங்க மேடம். பன்னண்டு வரைக்கும் வெறும் தண்ணி. எனக்குத் தெரியாதா?”

“புட்டி ஏதாவது மாறியிருக்குமோ?”

“பிள்ளைங்க மேல சத்தியமா மாறல.” அவர் கூண்டைக் குனிந்து பார்த்தார். “அட, அடிச்சுக்கிச்சுங்க போல,” என்றார். நேற்று மழை பெய்ததாமே என்பது போன்ற குரல். அப்புறம் கூண்டுக்குள் கையை விட்டு, மூன்று உடல்களையும் சேர்த்து அள்ளி, தக்காளியைக் கூடையில் போடுவது போலக் குப்பைப் பையில் போட்டார்.

அவள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

மிஞ்சிய எலியை மயக்கி, மூளையை எடுத்து, உறைபெட்டியில் வைத்துவிட்டு மாலை ஐந்து மணிக்கு வீட்டுக்குக் கிளம்பினாள். வீடு என்றால் நிறுவனத்தின் பின்பக்கம், வேலி தாண்டி, ஊழியர்களுக்கென்று கட்டிய குடியிருப்பு. அதில் அவளும் தங்கையும் மட்டும். தங்கை வீட்டிலிருந்தே துணி தைத்துக் கொடுப்பவள். சின்ன வயதில் பயந்தால் நேராக ஓட மாட்டாள், பக்கவாட்டில் ஓடுவாள், அதனால் பெயர் நண்டு. முப்பத்து நான்கு வயதிலும் பல்லியைக் கண்டால் நாற்காலி மேல் ஏறிவிடுவாள். அக்காளும் லேசுப்பட்டவள் இல்லை. வீட்டைப் பூட்டினால் மூன்று முறை இழுத்துப் பார்ப்பாள், கேஸ் மூடியிருக்கிறதா என்று பாதி வழியில் திரும்பி வருவாள். ‘நம்ம வீட்டுக்குத் திருடன் வந்தா பாவம், நம்ம ரெண்டு பேர் கத்தறதுல அவனுக்குக் காது போயிடும்’ என்று நண்டு சொல்லிச் சிரிப்பாள்.

அன்று நண்டு ஜன்னல் ஓரம் நின்றிருந்தாள், கழுத்தில் அளவு நாடா.

“வா. எலிங்கல்லாம் சௌக்கியமா? அவங்க கிட்ட பேசற பேச்சுல பாதிய எங்கிட்ட பேசக் கூடாதா?”

“தலை வலிக்குது நண்டு. கொஞ்சம் தண்ணி குடு.”

“இரு, கையில வேலையிருக்கு.”

அப்போதுதான் அவள் பார்த்தாள். ஜன்னல் கட்டையில் அறுந்த வால் ஒன்று துடித்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் பல்லி. நண்டு அதன் முதுகில் கட்டைவிரலை வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள். கோபமில்லை, அருவருப்பில்லை. மாவு பதமாக இருக்கிறதா என்று பார்க்கிற நிதானம். பல்லியின் வாய் திறந்தது. ஏதோ பொசுக்கென்றது. விரல் மரத்தைத் தொடும் வரை அவள் நிறுத்தவில்லை.

“என்னடி பண்றே!”

“சும்மாதான்க்கா. எப்படி இருக்கும்னு பார்த்தேன்.” விரலைப் பாவாடையில் துடைத்தாள். “இத்தனை வருஷம் இதுக்கா பயந்தேன்னு இருக்கு.”

அந்தக் கையாலேயே தண்ணீர் மொண்டு கொடுத்தாள். அக்காள் தண்ணீரை வாயருகே கொண்டுபோய், குடிக்காமல் கீழே வைத்தாள். ஏன் என்று அப்போது அவளுக்கே தெரியவில்லை.

இரவு சரியாகத் தூக்கம் இல்லை. மறுநாள் காலை சோதனைச்சாலையில் வெள்ளைக் கோட்டை மாட்டும்போது, ஒன்று உறைத்தது. இரவு படுக்கும் முன் வீட்டுப் பூட்டை அவள் இழுத்துப் பார்க்கவே இல்லை. ஒரு முறைகூட. கேஸின் நினைப்பே வரவில்லை.

எலி மூளையை அரைத்து, மருந்து சேர்த்து, கண்ணாடிக் குழாயில் ஊற்றிக் கொதிநீரில் நிறுத்தினாள். செல்கள் துருப்பிடித்திருந்தால் குழாய் இளஞ்சிவப்பாகும். அதிகம் பிடித்திருந்தால் ரோஜா நிறம். வெறும் தண்ணீர் குடித்த எலியின் குழாய் வெளுத்தே இருக்க வேண்டும். ஒரு மணி நேரம் கழித்து இடுக்கியால் தூக்கிப் பார்த்தாள்.

ரோஜா நிறம்.

அப்படியானால் தண்ணீர். ஏழாம் கூண்டின் புட்டியிலிருந்து ஒரு சொட்டு எடுத்துப் பிரித்தறியும் கருவியில் விட்டாள். பதினேழு இருந்தால், எட்டாவது நிமிடத்தில் திரையில் கோடு மலை போல எழும்பும். எழும்பியது. தாழ்வாரத்தில் எல்லோரும் குடிக்கும் வடிகட்டித் தண்ணீரை எடுத்து வந்தாள். எழும்பியது. கடைசியாகத் தன் கைப்பைக்குள்ளிருந்து, வீட்டில் பிடித்துக்கொண்டு வந்த தண்ணீர். எட்டு நிமிடம் அவள் நாற்காலியின் கைப்பிடியை விடவில்லை.

எழும்பியது.

காரணத்தை அவள் தேடிப் போக வேண்டியிருக்கவில்லை. அது அவளுக்குள்ளேயே இருந்தது. பதினான்கு மாதத்துக்கு முன், பதினேழு கலந்த கழிவை எடுத்துப் போகும் வண்டி வருவது நின்றுபோனபோது, மீசை வந்து கேட்டார்: “மேடம், கேன் எல்லாம் நெறஞ்சு போச்சு. என்ன பண்ணட்டும்?” அவள் கருவியின் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்: “தொட்டியில ஊத்திட்டு தண்ணிய திறந்து விடுங்க.” ஒரே ஒரு வாக்கியம். அந்தக் கழுவும் தொட்டியின் கழிவுக் குழாய், கட்டடத்துக்கும் குடியிருப்புக்கும் தண்ணீர் போகும் நிலத்தடித் தொட்டியை ஒட்டித்தான் போகிறது. பழைய மண் குழாய். விரிசல் விட்டிருக்குமா என்று அவள் ஒரு நாளும் போய்ப் பார்த்ததில்லை.

தன் விரலில் ஊசி குத்தினாள். ரத்தத்தைப் பிரித்துக் குழாயில் விட்டுக் கொதிநீரில் வைத்தாள். வலித்ததா? யோசித்துப் பார்த்தாள். ஞாபகம் இல்லை.

அந்தக் குழாயும் சிவந்தது. எலியுடையதைவிட ஒரு சுற்று வெளிறல். அவ்வளவுதான் வித்தியாசம்.

இன்னும் நேரம் இருக்கிறது என்று அவள் தனக்குச் சொல்லிக்கொண்டாள். கை நடுங்கியது. அந்த நடுக்கத்தைப் பார்க்க அவளுக்கு நிம்மதியாக இருந்தது. பயம் இன்னும் இருக்கிறது. முதலில் மீசையிடம் சொல்ல வேண்டும். தண்ணீரை நிறுத்த வேண்டும். அப்புறம் நண்டு.

எலி அறையின் கதவு சாத்தியிருந்தது. திறந்தாள். சிவப்பு இருட்டு. துரு வாசனை. ஈரமான இரும்புச் சட்டியை முகர்ந்தால் வருமே, அது. எல்லாக் கூண்டுகளும் திறந்து கிடந்தன. நீள மேஜையில் வெள்ளைத் துணி விரித்து, எலிகளை வரிசை வரிசையாகப் படுக்கவைத்திருந்தார் மீசை. எல்லாத் தலைகளும் பின்பக்கம் திரும்பியிருந்தன. ஸ்டூலில் உட்கார்ந்து கடைசி எலியைக் கையில் வைத்திருந்தார். அது நெளியக்கூட இல்லை. ஒரு திருகு. சுள்ளி முறிகிற சத்தம்.

“வாங்க மேடம். முடிஞ்சுது.”

“மீசை... உங்க பிள்ளைங்க...”

“ஒண்ணு கூட கத்தல மேடம். நான்தான் கத்துமோன்னு பார்த்துட்டே இருந்தேன்.”

அவள் பின்வாங்கினாள். குதிகாலில் ஏதோ தட்டியது. ஒரு பூட்ஸ். அதற்குள் ஒரு கால். வாசல் காவலாளி கழுவும் தொட்டியின் மேல் கவிழ்ந்து கிடந்தார். தலை தண்ணீருக்குள். தொட்டியின் விளிம்பில் தலைமுடியும் தோலும் ஒட்டியிருந்தன. தலையை அமுக்குவதற்கு முன் பல முறை மோதியிருக்க வேண்டும். காலடியில் தரை பளபளத்தது. வெறும் தண்ணீர் மாதிரி.

“ஏன்?” என்று கேட்டாள்.

மீசை உண்மையாகவே யோசித்தார். “தெரியலைங்க மேடம். டீ குடிக்கலாமான்னு கேட்டார். கை தானா போச்சு. செஞ்சேன்.”

எழுந்தார். துணியின் சுருக்கத்தை நீவிவிட்டார்.

“கொஞ்சம் நில்லுங்க மேடம்.”

அவள் ஓடினாள். கை கதவை எட்டவில்லை. முடியைப் பிடித்துவிட்டார். இழுத்தார். கூண்டு அடுக்கு சரிந்தது. கண்ணாடி நொறுங்கியது. கழுத்தில் இரண்டு கை. அகலமான, ஈரமான, பழகிய கை. மூச்சு இல்லை. சிவப்பு கறுப்பானது. தரையைத் துழாவினாள். உடைந்த புட்டி. முகத்தில் குத்தினாள். கன்னம் கிழிந்து பல் தெரிந்தது. அவர் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. மறுபடி. கண்ணில். பிடி தளர்ந்தது. சரிந்த அடுக்கின் இரும்புக் கம்பி. இரண்டு கையாலும். மண்டையில். முழங்காலில் விழுந்தார். மறுபடி. மறுபடி.

அவரும் கத்தவில்லை. அவளும் கத்தவில்லை.

ஐந்தாவது அடியில் அவர் அசைவு நின்றது. அது அவளுக்குத் தெரிந்தது. அதற்கு அப்புறமும் கை ஓங்கியது. எத்தனை முறை என்று தெரியாது. நின்றபோது, அடிக்க அங்கே முகம் என்று ஒன்று இருக்கவில்லை.

தாழ்வாரத்தின் வெள்ளை வெளிச்சத்துக்கு வந்ததும்தான் நிறம் தெரிந்தது. கோட்டு, கை, செருப்பு, எல்லாம் சிவப்பு. அவள் ஃபோனை எடுத்தாள்.

“நண்டு. நான் சொல்றதக் கேளு. கதவ சாத்திக்கோ. யாரையும் உள்ள விடாத. தண்ணி குடிக்காத.”

“பக்கத்து வீட்டு டீச்சர் வந்திருக்காங்கக்கா. ரவிக்கைக்கு அளவு குடுக்க.”

“அவங்கள வெளிய அனுப்பு! இப்பவே! என்ன பண்றாங்க?”

மறுமுனையில் ஏதோ ஈரமாக இழுபட்டது.

“ஒண்ணும் பண்ணல,” என்றாள் நண்டு. “இப்ப ஒண்ணும் பண்ணல.”

ஓட வேண்டும் என்று நினைத்தாள். நடந்தாள். வேலிக் கதவைத் தாண்டிக் குடியிருப்புத் தெருவுக்குள் வந்தாள். உச்சி வெயில். ஒரு மோட்டார் சைக்கிள் சாய்ந்து கிடந்தது. பின்சக்கரம் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. ஒரு வீட்டுச் சுவருக்குப் பின்னால், கல்லில் துணி துவைப்பது போல தொப், தொப் என்று சீராக ஒரு சத்தம் வந்தது. துணி துவைக்கும் சத்தம் இல்லை என்று அவளுக்குத் தெரியும். திறந்த கதவு ஒன்றின் வழியே, கூடத்தில் கணவனும் மனைவியும் கட்டிப் புரள்வது தெரிந்தது. கணவனின் வாய் மனைவியின் தொண்டையில் இருந்தது. மனைவியின் கட்டைவிரல்கள் அவன் கண்களுக்குள் இருந்தன. தெரு முழுக்க ஓர் அலறல் இல்லை. ஓர் ஐயோ இல்லை. மின்கம்பியில் குருவிகள் மட்டும் கத்திக்கொண்டிருந்தன.

நடந்துகொண்டே மணிக்கட்டில் விரலை வைத்து நாடியைப் பார்த்தாள். எழுபத்திரண்டு. அமைதியாக உட்கார்ந்திருப்பவரின் நாடி.

அவள் நடுத்தெருவில் நின்று தன் பயத்தைத் தேடினாள். இருட்டில் தீப்பெட்டியைத் தேடுவது போல, இருக்க வேண்டிய இடங்களில் எல்லாம் கைவிட்டுப் பார்த்தாள். நண்டுவின் முகத்தை நினைத்தாள். காய்ச்சலில் கிடந்த நண்டுவை, தொலைந்துபோய்க் கிடைத்த நண்டுவை நினைத்தாள். அம்மாவின் கடைசி நாளை நினைத்தாள். எல்லாம் ஞாபகம் இருந்தன. ஒன்றும் உறைக்கவில்லை. வெயில் இதமாக இருந்தது.

வீட்டுக் கதவு சாத்தியிருக்கவில்லை.

டீச்சர் கூடத்தில் மல்லாந்து கிடந்தார். அளவு நாடா கழுத்துச் சதைக்குள் புதைந்து, எண்கள் மட்டும் வெளியே தெரிந்தன. வயிற்றில் கத்தரிக்கோல் திறந்து மூடிய தடங்கள், தையல் போட்டது போல ஒரே இடைவெளியில். நண்டு கத்தரிக்கோலைத் துணியில் துடைத்துக்கொண்டிருந்தாள். அக்காளைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தாள். அவள் கையில் இருந்த இரும்புக் கம்பியையும் பார்த்தாள். அதை இவ்வளவு தூரம் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறோம் என்பது அக்காளுக்கும் அப்போதுதான் தெரிந்தது.

“வந்துட்டியா. சாப்பிட்டியா?”

“இன்னும் இல்ல.”

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நண்டு புன்னகை செய்தாள். அக்காளுக்கும் புன்னகை வந்தது. உண்மையான புன்னகை, அவ்வளவு பிரியமாக அவர்கள் பார்த்துக்கொண்டு வெகுநாள் ஆகியிருந்தது.

“அக்கா, இந்த சாப்பாட்டு மேஜை நடுவுல இடிக்கும்.”

“ஆமா.”

“நீ அந்தப் பக்கம் பிடி.”

அவள் கம்பியைச் சுவரில் சாய்த்துவைத்தாள். நண்டு கத்தரிக்கோலை ஜன்னல் கட்டையில் வைத்தாள். ஆளுக்கொரு பக்கம் பிடித்து, டீச்சரின் காலைத் தாண்டி, தரையில் கீறல் விழாமல் மேஜையைத் தூக்கிக்கொண்டுபோய்ச் சுவரோரம் போட்டார்கள். மேலிருந்த டம்ளரில் தண்ணீர் ஒரு முறை தளும்பி அடங்கியது. நண்டு முடியை அள்ளி இறுக்கி முடிந்துகொண்டாள். அக்காள் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, மடித்து, மேஜைமேல் வைத்தாள். பிறகு போய்க் கதவைத் தாழிட்டுவிட்டு வந்தாள். அவள் கம்பியை எடுத்துக்கொண்டாள், நண்டு கத்தரிக்கோலை.

நடுவில் இரண்டு பேருக்கும் போதுமான இடம் இருந்தது.